வடமராட்சி மணலின் பூர்வீகம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த நிலம். கிணறு வெட்டுவோர் மேன்மண்ணைக் கடந்ததும் அக்கல்லையே சந்திப்பர். ஈ. ஜே. வேலண்ட், ஏ. எம். டேவிஸ் என்னும் இருவர் ஈழத்தின் மயோசீன் படிவுகளைப் பற்றி 1923இல் வெளியிட்ட கட்டுரை, கடலடியிலே சிப்பி முதலிய உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய கல் இஃது என்பதை அறிவுலகத்துக்கு உணர்த்திற்று. உடுப்பிட்டியிலிருந்து வடக்கே சிறிது தூரஞ் சென்று வல்வெட்டித்துறைக் கரையை அடைவோர் அக்கல்லைக் கண்ணாரக் காணலாம். அலை அதனை அரித்துக் குடைந்திருக்கும். காலடியில் முருகைக்கல்லின் துண்டுகளும் சிப்பித் தூளுங் கிடக்கும். கல்லுக்கும் கரைக்கும் உள்ள உறவு அங்கே வெளிப்படை.

அதே ஊரிலிருந்து கிழக்கே சென்று, பருத்தித்துறையைக் கடந்து தென்கிழக்காகத் திரும்பினால் காட்சி முற்றாக மாறுகின்றது. வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என ஊர்தோறும் மணற்குன்றுகள் தொடர்ந்து செல்கின்றன. அங்குள்ள மணல் சிப்பித் தூளன்று. மேனாட்டார் குவாட்சு என வழங்கும் படிகக்கல்லின் மணலே அதிற் பெரும்பகுதியாகும். கண்ணாடி செய்தற்கேற்ற சிலிக்கா மணல் இலங்கையிற் கிடைக்கும் இடங்களைக் கூறுமிடத்து, மேற்குக்கரையின் மாரவில, நாத்தாண்டியாப் பகுதியோடு வடக்கின் அம்பன் - வல்லிபுரப் பகுதியையும் சேர்த்துக் கூறுவது புவிச்சரிதவியலாளர் வழக்கம்.

இங்கேதான் வினா எழுகின்றது. சுண்ணாம்புக்கல் எவ்வளவுதான் தேய்ந்தாலும் சுண்ணாம்புத் தூளையே தரும். அது படிகக்கல்லைத் தராது. தினை விதைத்த நிலத்திலே நெல் விளைந்திருக்கக் கண்டால், நெல்லை விதைத்தவன் யாவன் என்று வினவுவதே முறை. பிறநாடுகளிற் கரைமணலைக் கொண்டுவந்து சேர்ப்பன ஆறுகள். குடாநாட்டிலோ அத்தகைய ஆறில்லை. வலிகாமத்து வழுக்கியாறு மாரிகாலத்தில் மாத்திரம் ஓடும் சிற்றோடை. அது பாயும் நிலமுஞ் சுண்ணாம்புக்கல் நிலமே. தொண்டைமானாறு பெயரளவில் ஆறாயினும் உண்மையிற் கடனீரேரியின் வாய். ஆகவே வடமராட்சிக் கிழக்கின் படிகமணல் வேற்றிடத்திலிருந்து வந்து குடியேறியது என்பது ஒருதலை. எங்கிருந்து வந்தது? எவ்வழியாய் வந்தது? இன்றும் வந்துகொண்டிருக்கின்றதா? இவையே ஆராயற்பாலன.

வினாவின் பயன்

இவ்வினாக்களை ஏட்டறிவின்பாற்பட்டன என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ஈண்டுள்ள மணற்குன்றுகள் மழைநீரை உள்வாங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தாங்கிநிற்கின்றன. கடலின் சீற்றத்துக்கும் ஊருக்கும் இடையே அணையாயிருப்பனவும் அவையே. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்கின் கரையூர்களை அழித்தமையை அறிந்தோர்க்கு அவ்வணையின் பெறுமதியை எடுத்துரைத்தல் வேண்டா. மற்றொருபால், வீடும் பாலமும் கட்டுதற்கு மணல் இன்றியமையாதது; நெடிய போர் 2009இல் முடிவுற்றபின் அத்தேவை பன்மடங்கு பெருகிற்று. மணல் அகழ்தலை 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் ஒழுங்குசெய்கின்றது. எனினும் வடமராட்சிக் கிழக்கில் மணல் அள்ளுவது பற்றிய முறைப்பாடுகள் ஓய்ந்தபாடில்லை.

ஒரு குடும்பத்தின் கையிலுள்ள பணத்தை வருவாய் என்றும் முதல் என்றும் பகுத்தறிதல் உலகியல். வருவாயைச் செலவிடலாம், அடுத்த மாதம் மீண்டும் வரும். முதலைச் செலவிட்டால் அது திரும்பாது. வடமராட்சி மணல் ஆண்டுதோறுங் கடல் கொணர்ந்து தரும் வருவாயா, அன்றிப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்துவைத்த முதலா என்பதே அதன் பூர்வீகத்தை ஆராய்வதன் உட்பொருள். அதற்குச் சான்று பகரவல்லது அம்மணலின் ஒவ்வொரு பரலுமேயாம்.

மணலைச் சாட்சிக்கு அழைத்தல்

மணலை நோக்கி அதன் ஊரை அறியலாமென்பது கற்பனையன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 கார்த்திகை முதல் 1945 சித்திரை வரை, சப்பானியர் ஏறக்குறைய 9,300 கடதாசிப் பலூன்களிற் குண்டுகளைக் கட்டிப் பசிபிக் கடலுக்கு மேலாக அமெரிக்காவை நோக்கி விடுத்தனர். அவற்றின் உயரத்தைச் சீர்செய்தற்குச் சிறு மணற்பைகளும் கட்டப்பட்டிருந்தன. அப்பைகளின் மணல் அமெரிக்கப் புவிச்சரிதவியல் ஆய்வாளர் கைக்கு எட்டிற்று. அதிலே முருகைக்கல்லின் துகள் இல்லாமையால், முருகை வளரும் வெப்பக் கடற்கரை அதன் ஊரன்று என்று கண்டனர். நுண்ணுயிர்களின் ஓடுகளையும் கனியப் பரல்களின் வகைகளையும் ஒப்புநோக்கி, சப்பானின் கிழக்குக் கரையிலே மிகச் சில இடங்களைச் சுட்டிக் காட்டினர். அவற்றுள் ஒன்றாகிய இச்சினோமியாக் கரை பலூன்கள் விடுக்கப்பட்ட இடமேயென்று பின்னர்ப் பெறப்பட்டது.

அவ்வாராய்ச்சி மணலின் கூறுகளை, அஃதாவது எவ்வெக் கனியங்கள் அதிற் கலந்துள்ளன என்பதை, அடிப்படையாகக் கொண்டது. அதற்கு மேலும் ஒரு படி உண்டு. ஒரே கனியமாகிய படிகக்கல்லின் தனிப் பரல் ஒன்றை எடுத்து, அதன் மேற்பரப்பிலுள்ள தழும்புகளைப் படித்து, அது கடந்துவந்த வழியை அறிதலே அப்படியாகும். இதற்குப் படிகக்கல்லே ஏற்றது. கனியங்களின் வன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோசின் அளவையில் அது 7ஆம் இடத்தது. சுண்ணாம்புக்கல்லின் கனியம் 3ஆம் இடத்தது. மென்மையான பொருளிற் பட்ட தழும்பு விரைவில் அழிந்துபோம். படிகக்கல்லிற் பட்டதோ நெடுங்காலம் நிலைக்கும். அமிலங்களும் எளிதில் அதனைத் தாக்கமாட்டா.

இத்துறைக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் செவீல்டு நகரைச் சார்ந்த என்றி கிளிப்டன் சோர்பி. பாறையை மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்கும் முறையை வளர்த்த அப்பெரியார், 1880இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தில் ஆற்றிய தலைமையுரையில் மணற்பரல்களை அவற்றின் தேய்வு நோக்கி வகுத்துக் காட்டினார். பிரான்சு நாட்டு அந்திரே கையோ 1942இல் வெளியிட்ட நூலில் அவ்வகுப்பு இன்னுந் தெளிவுற்றது. தேயாது கூர்முனையோடிருக்கும் பரல், நீராற் தேய்ந்து மழுங்கிப் பளபளக்கும் பரல், காற்றாற் தேய்ந்து உருண்டு ஒளிமங்கிய பரல் என மூவகையாக அவர் வகுத்தார். பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும் கைவில்லை ஒன்றினாலேயே இம்மூவகையையும் ஒருவாறு பிரித்தறியலாம்.

எனினும் தழும்பின் வடிவைக் காணுதற்கு ஒளி நுணுக்குக்காட்டி போதவில்லை. 1962இல் தேவிட் கிரின்சிலி, தாரோ தகாகாசி என்போர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் மணற்பரலின் மேற்பரப்பை ஆராய்ந்து, நீரும் காற்றும் பனிக்கட்டியும் வெவ்வேறு தழும்புகளை இடுகின்றன என்று 'சயன்சு' இதழில் வெளியிட்டனர். மேற்பரப்பை இலத்திரன் கற்றையால் வருடிப் படமெடுக்கும் கருவி 1965 முதல் விற்பனைக்கு வந்தபின் இவ்வாராய்ச்சி பல நாடுகளிலும் பரவிற்று. கிரின்சிலியும் தோன்காம்பும் 1973இல் வெளியிட்ட படத்தொகுதி இத்துறையின் முதற் கைந்நூலாய் அமைந்தது.

நீரும் காற்றும் எழுதும் எழுத்து

கருங்கல் போன்ற பளிங்குருப் பாறையிலிருந்து புதிதாய் விடுபட்ட படிகப் பரல் கூரிய விளிம்புடையது. கண்ணாடிப் போத்தலை உடைத்தாற்போல, சங்கின் உட்புறத்தை யொத்த வளைந்த முறிவுகள் அதில் விளங்கும். ஆற்றிலே அடித்துச் செல்லப்படும்போது அவ்விளிம்பு பெரிதும் தேய்வதில்லை என்பது வியப்புக்குரியதொன்று. ஒல்லாந்து நாட்டு அறிஞர் கியூனன் 1950களிலும் 1960ஐ அடுத்தும் நிகழ்த்திய பரிசோதனைகளில், ஒரே தூரத்தைக் கடக்கும்போது ஆற்று நீரிலும் பார்க்கக் காற்றே படிகப் பரலை நூறு முதல் ஆயிரம் மடங்கு மிகுதியாகத் தேய்க்கின்றது என்று கண்டார். நீர் இரு பரல்களுக்கிடையே மெத்தை போல நின்று மோதலைத் தணிக்கின்றது. காற்றோ நீரினும் ஏறக்குறைய எண்ணூறு மடங்கு இலேசானதாதலின் அவ்வாறு தணிக்கும் ஆற்றல் அற்றது.

கடலலை உடையுங் கரையில் நிலைமை வேறு. அங்கே நீரின் வேகம் மிகுதி. பரலின் முனை பரலைக் குத்தும். அக்குத்துகள் அம்பின் நுனி போன்ற முக்கோணச் சிறு குழிகளாய்ப் பதிகின்றன. ஒவ்வொரு குழியும் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒருசில பங்கே அகலமானது. அவை ஒழுங்கின்றிப் பல திசையும் நோக்கியிருக்கும். அலையின் வன்மை மிகுதற்கேற்ப அடர்த்தியும் மிகும். விளிம்புகள் மழுங்கிப் பரலின் முகம் மினுமினுக்கும்.

காற்றில் துள்ளிச் செல்லும் பரல்கள் ஒன்றோடொன்று நேரே மோதுகின்றன. அதனால் விளிம்புகள் முற்றாக உருண்டு, மேற்பரப்பில் நுண்ணிய தகடுகள் ஏடு ஏடாக நிமிர்ந்து நிற்கின்றன. ஆங்காங்கே கிண்ணம் போன்ற ஆழமற்ற பள்ளங்களும் விழும். தேய்த்த கண்ணாடி ஒளியைச் சிதறி மங்கித் தோன்றுவது போல, அத்தகடுகள் ஒளியைச் சிதறடித்துப் பரலை மங்கச் செய்கின்றன. எனினும் மங்கல் கண்டவிடமெல்லாம் காற்றென்று முடிவுசெய்தல் தவறு. பனியும் ஈரமும் உண்டாக்கும் இரசாயனத் தாக்கத்தாலும் பரல் மங்கும் என்பதை 1962இல் கியூனனும் பேடொக்கும் எடுத்துக் காட்டினர். ஆகவே கைவில்லையிற் கண்ட மங்கலை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்ட தகடுகளால் உறுதிப்படுத்தல் வேண்டும்.

மூன்றாவது எழுத்து இரசாயனத்தால் எழுதப்படுவது. மண்ணுள் நெடுங்காலம் புதைந்துகிடக்கும் பரலை நீர் மெல்ல மெல்லக் கரைக்கின்றது. படிகக்கல்லின் உள்ளமைப்பு ஒழுங்கானதாகலின், கரைந்த குழிகளும் ஒரே திசை நோக்கி ஒழுங்காக அமைகின்றன. அலை குத்திய குழியையும் நீர் கரைத்த குழியையும் வேறுபடுத்துவது இவ்வொழுங்கே. சிலவேளை கரைந்த சிலிக்கா மீண்டும் பரலின்மேற் படிந்து, பழைய தழும்புகளை மெழுகி மூடிவிடுதலும் உண்டு.

ஒன்றின்மேல் ஒன்றாய் எழுதிய ஏடு

ஒரு பரலில் ஒரே வகைத் தழும்பு மாத்திரம் இருத்தல் அரிது. ஒரே சுவரின்மேற் பல காலங்களிற் சுண்ணமடித்து எழுதிய எழுத்துகள், மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் முன்பின்னாய்த் தோன்றுவது போல, தழும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. எது எதனை வெட்டிச் செல்கின்றது, எது எதனால் மூடப்பட்டது என்று நோக்கினால் அவற்றின் முறை விளங்கும். உருண்டு மங்கிய பரலின்மேற் புதிய முக்கோணக் குழிகள் விழுந்திருப்பின், காற்றில் நெடுங்காலம் அலைந்தபின் அது கடலில் விழுந்தது என்பது பெறப்படும். முக்கோணக் குழிகளின் ஓரங்கள் கரைந்து மழுங்கியிருப்பின், அலைவாயை விட்டு நீங்கி அது நெடுங்காலம் ஓய்ந்துகிடந்தது என்பது பெறப்படும்.

இம்முறையே ஆழிப்பேரலைகளின் வரலாற்றை ஆராய்தற்கும் உதவுகின்றது. போர்த்துக்கல் நாட்டின் ஆய்வாளர், 1755இல் இலிசுபன் நகரை அழித்த நிலநடுக்கத்தோடெழுந்த பேரலை ஈட்டிவைத்த மணலையும், 2004இல் இந்தோனேசியக் கரையிற் படிந்த மணலையும் நோக்கி, புதிய முறிவுகளும் மோதற்குழிகளும் அத்தகைய பேரலையின் அடையாளங்களாகுமா என்று ஆராய்ந்துள்ளனர்.

ஆராயும் முறை கடினமானதன்று, பொறுமையை வேண்டுவது. எடுத்த மணலை முதலில் நன்னீரிற் கழுவுவர். பின் நீர்த்த ஐதரோக்குளோரிக்கமிலத்தில் இட, சிப்பியும் சுண்ணாம்பும் நுரைத்துக் கரைந்துபோம். எஞ்சியவற்றிலிருந்து ஒரே பருமனுள்ள படிகப் பரல்களை நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்கி, விருப்பு வெறுப்பின்றி இருபது முப்பது தெரிந்தெடுப்பர். அவற்றை ஒட்டிப் பொற்பூச்சிட்டு, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கி, ஒவ்வொரு வகைத் தழும்பும் எத்தனை பரல்களிற் காணப்படுகின்றது என்று கணக்கிடுவர். ஒரு பரலைக் கொண்டு தீர்ப்பளிப்பதில்லை. பலவற்றின் தொகையே சான்றாகும். ஒரே தழும்பை ஒருவர் ஒருவகையாகவும் மற்றொருவர் வேறுவகையாகவுங் கொள்ளுதல் கூடுமாதலின், ஒரே மாதிரிகளைப் பலர் தனித்தனியே ஆராய்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனைகளும் 1980களில் நிகழ்ந்தன.

வடமராட்சி மணலின் நான்கு வழிகள்

இனி, இம்முறையை வடமராட்சிக் கிழக்கின் மணலோடு பொருத்திக் காணலாம். அம்மணல் வந்திருக்கக்கூடிய வழிகள் நான்கு.

முதலாவது, வன்னியின் ஆறுகள். இலங்கையின் பத்திலொன்பது பங்கு பழம்பெரும் பளிங்குருப் பாறைகளாலானது. படிகக்கல் அவற்றில் நிறையவுண்டு. அப்பாறைகளில் விழும் மழைநீர் மணலை அரித்துக் கிழக்குக்கரைக்குக் கொணர, அலையும் நீரோட்டமும் அதனைக் கரைவழியே நகர்த்தியிருத்தல் கூடும். வாடைக்காற்றின் காலத்தில் ஒரு திசையிலும் சோழகத்தின் காலத்தில் மறுதிசையிலும் மணல் கரைவழியே பெயர்தல் சோழமண்டலக் கரையில் நன்கறியப்பட்ட நிகழ்ச்சி. இவ்வழியே அண்மையில் வந்த மணலாயின், கூர்மை முற்றும் மாறாத பரல்களும், புதிய முறிவுகளும், கரையாத பெல்சுபார்க் கனியமும் அதில் மிகுந்திருக்கும்.

இரண்டாவது, கடல் தாழ்ந்திருந்த காலத்து மணல். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீர் பெருமளவு பனிக்கட்டியாய் உறைந்திருந்தபோது, கடன்மட்டம் இன்றுள்ளதிலும் 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்குநீரிணை அக்காலத்தில் நிலமாயிற்று. ஈழமும் தமிழகமும் ஒரே தரையாய் இருந்தன. ஆறுகள் இன்றைய கரைக்கு அப்பாலும் ஓடி மணலைப் பரப்பின. பனியுருகிக் கடல் ஏறியபோது, அலை அம்மணலைக் கரைநோக்கித் தள்ள, காற்று அதனை வாரிக் குன்றுகளாக்கியிருத்தல் கூடும். அவ்வாறாயின் பரல்களில் முதலில் அடர்ந்த அலைக்குழிகளும், அவற்றின்மேற் காற்றின் தேய்வும், அதற்கும் மேலாக மண்ணிற் கிடந்து கரைந்த தழும்புகளும் முறையே அமைந்திருக்கும்.

மூன்றாவது, எதிர்க்கரையின் மணல். கோடிக்கரையை அடுத்த நிலத்தைக் காவிரியின் மணல் ஆக்கியது. கடல் தாழ்ந்திருந்த காலத்தில் அது இப்பாலும் வந்திருத்தல் இயல்வதே. ஈண்டுதான் தழும்பாராய்ச்சியின் எல்லையும் புலனாகும். தழும்பு பரல் கடந்த வழியைக் கூறுமேயன்றிப் பிறந்த பாறையைக் கூறாது. பிறந்த பாறையை அறியக் கானெற்று, சிர்க்கன், இல்மனைற்று முதலிய பாரமான கனியங்களை நோக்கல் வேண்டும். அவையோ இருகரைக்கும் பொதுவானவை. தென்னிந்தியாவும் இலங்கையும் ஆதியில் ஒரே பெருநிலத்தின் கூறுகளாய் இருந்து பிரிந்தமையால், அவற்றின் பாறைகளும் உடன்பிறந்தனவே. ஆகலின் கனியத்தின் சான்றையும் தழும்பின் சான்றையும் சேர்த்தே தீர்ப்பளித்தல் வேண்டும். ஒன்றை மாத்திரம் நம்பலாகாது.

நான்காவது, பழைய செம்மணல். வன்னியின் இரணைமடுவின் பெயரால் வழங்கும் படிவு, அடியிற் பரற்கற்களும் மேலே காற்றுக் குவித்த மணலுமாய் இலங்கையின் உலர்ந்த கரைநிலங்களிற் காணப்படுகின்றது. தெற்கே அத்தகைய செம்மணலின் காலத்தை வெப்பவொளி முறையால் அளந்து சிங்வி, தெரணியகல, சென்குப்தா என்போர் 1986இல் வெளியிட்டனர். பல பத்தாயிரம் ஆண்டுகள் முதுமையுடையது அம்மணல். தமிழகத்தின் தென்கரையிலுள்ள தேரி மணலும் இதனோடு ஒத்த இயல்பினது. இச்செம்மணலை அலை அரித்து மீண்டும் பரப்பியிருப்பின், பரல் வெளுத்துத் தோன்றினும், அதன் ஆழ்ந்த குழிகளுள் இரும்பின் செம்மை மறைந்து தங்கியிருக்கும். சாயந் தோய்த்த துணியை எத்தனைமுறை வெளுத்தாலும் தையலோரத்தில் நிறம் எஞ்சுவது போன்றது அது.

சான்றுகள் சுட்டும் திசை

இந்நான்கனுள் முதலாவதாகிய புதிய வரவு பெரிதாயிருத்தற்கு இன்றைய நிலவமைப்பு இடந்தருவதாயில்லை. வன்னியிலிருந்து வடக்கே பாயும் கனகராயன் ஆறு, இரணைமடுக் குளத்தின் அணையால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மறிக்கப்பட்டது. குளத்தைக் கடந்த நீரும் கடலை நேரே அடையாது கடனீரேரியுள்ளேயே புகுகின்றது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் விழுகின்றது. அக்குடாவை அடுத்துக் கடலடியிலே ஆழ்ந்த பெரும் பள்ளத்தாக்கு ஒன்று உளதாகலின், ஆற்று மணலிற் கணிசமான பகுதி அதனுட் சரிந்து ஆழ்கடலை அடைகின்றது. அம்பன் - வல்லிபுர மணலின் தூய்மையும் ஈண்டு நோக்கத்தக்கது. புதிதாய் வந்த ஆற்றுமணலிற் பெல்சுபாரும் மைக்காவும் கலந்திருத்தல் இயல்பு. அவை தேய்ந்தும் கரைந்தும் அகன்று படிகக்கல் மாத்திரம் எஞ்சுதற்கு நெடுங்காலம் வேண்டும்.

மக்கள் வரலாறும் இதற்கு அரண்செய்கின்றது. வல்லிபுரத்தில் 1936இற் கண்டெடுக்கப்பட்ட பொன்னேடு கிறித்துவுக்குப் பின் முதலிரு நூற்றாண்டுகளைச் சார்ந்தது. ஆழ்வார் கோயிலைச் சூழ்ந்த அம்மணல் நிலத்தில் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்னரே சீரிய குடியிருப்பு இருந்தமைக்கு அது சான்று. அதே வேளையில், மணற்காட்டில் மணலுட் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் இடிபாடு, குன்றுகள் இன்றும் ஓய்ந்தில என்பதையுங் காட்டுகின்றது. இவ்விரண்டும் முரணல்ல. மணல் பழையது, அதன் அசைவே புதியது. கையிலுள்ள முதலை ஒரு பெட்டியிலிருந்து மறுபெட்டிக்கு மாற்றுவது போல, காற்று பழைய மணலையே இடம்பெயர்க்கின்றது. குன்றுகள் நகரக் கண்டு, மணல் புதிதாய் வந்து சேர்கின்றது எனக் கொள்ளுதல் மயக்கமாகும். மணற்காட்டிலே சவுக்கு மரங்களை நட்டு வனமாக்கியதும் அந்நகர்ச்சியைத் தடுத்து நிறுத்தற்பொருட்டே.

ஆகவே, ஓரிடத்து மணலை அகழ்தற்கு அனுமதி அளிக்குமுன் அவ்விடத்துப் பரல்களை வினவுதல் அறிவுடைமை. பரலின் முகத்திற் புதிய முறிவும் கூர்மையும் மிகுந்திருப்பின், அங்கே வரவு உண்டு, அளவறிந்து எடுக்கலாம். உருண்டு, மங்கி, கரைந்த தழும்புகளே மிகுந்திருப்பின், அது முதல். எடுத்த குழி எடுத்தபடியே கிடக்கும், அதன் வழியே கடல் உள்ளே வரும்.

மாணவர்க்கு ஒரு பணி

இவ்வாராய்ச்சியின் முற்பகுதி கல்லூரி ஆய்வுகூடத்துக்கு அப்பாற்பட்டதன்று. வல்வெட்டித்துறை, தொண்டைமானாற்று வாய், வல்லிபுரம், மணற்காடு, நாகர்கோவில், சுண்டிக்குளம் ஆகிய ஆறிடங்களிலும் ஒவ்வொரு பிடி மணல் எடுத்து, இடமும் திகதியும் குறித்து வைத்தல் வேண்டும். கரைமணலையும் குன்றுமணலையும் தனித்தனியே எடுத்தல் நன்று. அமிலத்தில் இடுமுன்னும் இட்ட பின்னும் நிறுத்தால், சுண்ணாம்பு எத்தனை பங்கு, படிகக்கல் எத்தனை பங்கு என்பது தெரியவரும். உடுப்பிட்டியின் வடக்கிலுள்ள கரையும் கிழக்கிலுள்ள கரையும் எத்துணை வேறுபட்டன என்பதை அவ்வெண்களே உரைக்கும். பின்னர்க் கைவில்லையால் நூறு பரல்களை நோக்கி, கூரியவை, பளபளப்பவை, மங்கியவை என எண்ணி அட்டவணையாக்கலாம். சுண்டிக்குளத்திலிருந்து பருத்தித்துறை நோக்கி வரவரக் கூர்மை குறைந்து உருட்சி மிகுமாயின், மணல் வந்த திசை தெற்கென்று கொள்ள ஓர் ஆதாரங் கிட்டும். இத்தகைய அட்டவணையை ஆண்டுதோறும் வாடைக்கு முன்னும் பின்னும் புதுக்கி வைப்பின், பல்கலைக்கழகத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் மேலும் ஆராய வேண்டிய பரல்கள் எவை என்பதும் தானே விளங்கும்.

ஒரு பரலின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரினும் குறைந்தது. ஆயினும் பிறந்த மலையை விட்டு நீங்கிய நாள்முதல் அது பட்ட அடிகளெல்லாம் அதன் முகத்திற் பதிந்துள்ளன. அவற்றைப் படிக்கக் கற்ற ஊருக்கே தன் மணலில் எதனை எடுக்கலாம், எதனைத் தொடலாகாது என்பது தெரியும். படிக்கத் தவறிய ஊர், மணல் போனபின் கிணற்று நீர் உவர்ந்தே அதனை அறியும்.